ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன்: உடுப்புத் துவைத்த தாயின் மகன்

ஏப்ரல் 2ஆம் திகதி சர்வதேச சிறுவர் நூல் தினமாகும். 1967 முதல் கொண்டாடப்பட்டு வரும் இத்தினத்துக்கு இந்தத் திகதி தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1805ஆம் ஆண்டு இதே நாளில்தான் டென்மார்க்கின் ஒடென்ஸ் நகரில், சப்பாத்துத் தைக்கும் ஓர் ஏழையின் வீட்டில் ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் பிறந்தார். அவரது பெயரை அறியாத மாணவிகூட அவருடைய கதைகளில் ஒன்றிரண்டையாவது அறிந்திருப்பாள். தமிழ்மொழித்தினக் கதை சொல்லும் போட்டிகளில் ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ வராத ஆண்டே இல்லை. ‘அரசனின் புதிய ஆடை’யை ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் நாடகமாக நடித்திருக்கிறார்கள். ‘சின்னக் கடற்கன்னி’யைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம்.

ஆனால் நாம் அறிந்தவை பெரும்பாலும் சுருக்கப்பட்டவை, இனிப்புப் பூசப்பட்டவை. அன்டர்சன் எழுதியவற்றை முழுமையாக வாசித்தால் வேறொரு மனிதரைக் காண்போம். அவமானப்பட்டவர், அந்த அவமானம் ஒவ்வொன்றையும் மறக்காமல் வைத்திருந்து கதையாக மாற்றியவர். அந்த அன்டர்சனைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

பியூன் என்னும் தீவில் உள்ள நகரம் ஒடென்ஸ். அங்கே அன்டர்சன் குடும்பத்தின் வீடு என்பது ஒரே ஓர் அறைதான். சப்பாத்துத் தைக்கும் பலகையும், பெற்றோரின் கட்டிலும், பிள்ளை படுக்கும் இடமும் அதற்குள்ளேயே. தந்தை படிக்க ஆசைப்பட்டும் வசதியின்றித் தொழிலுக்குப் போனவர். அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்வது போல மாலை வேளைகளில் மகனுக்கு நூல்களை வாசித்துக் காட்டினார். ஹோல்பேர்க் என்ற டேனிஷ் ஆசிரியரின் நாடகங்களும் லா ஃபொன்டெயினின் கதைகளும் அவற்றுள் இருந்தன. எமக்கு மிக நெருக்கமான ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலும் இருந்தது. பக்தாதின் கதைகள் பனிபெய்யும் ஒரு வடநாட்டு ஊரின் சப்பாத்துக் கடை வரை போயிருக்கின்றன! அதன் தடம் பிற்காலத்தில் தெரிகிறது. அவர் எழுதிய ‘தீத்தட்டிப் பெட்டி’ என்ற கதையில் ஒரு போர்வீரனைச் சூனியக்கிழவி ஒருத்தி மரப்பொந்துக்குள் இறக்கி, பழைய தீத்தட்டிப் பெட்டி ஒன்றை எடுத்துவரச் சொல்கிறாள். அலாவுதீனையும் விளக்கையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தாய் ஆன் மரீக்கு எழுதத் தெரியாது. ஆற்றில் நின்று பிறருடைய உடுப்புகளைத் துவைத்துக் கொடுத்தே அவர் சம்பாதித்தார். பாட்டனார் மனநிலை பாதிக்கப்பட்டவர். மரத்தில் விசித்திரமான உருவங்களைச் செதுக்கிக்கொண்டு ஊரில் திரிவார். ஒருநாள் தெருப்பிள்ளைகள் அவரைக் கேலி செய்து கூச்சலிட்டுப் பின்தொடர்ந்தபோது, பேரன் ஒரு படிக்கட்டின் பின்னால் ஒளிந்துகொண்டான். தானும் அந்த இரத்தம்தான் என்ற பயம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பாட்டியோ மனநோயாளரும் வறியோரும் தங்கியிருந்த இல்லமொன்றின் தோட்டத்தைப் பராமரித்தார். அங்கே நூல் நூற்றுக்கொண்டிருந்த வயோதிபப் பெண்கள் சிறுவனுக்குக் கதைகள் சொன்னார்கள். எமக்கு உம்மம்மாவிடமிருந்து கிடைத்தது அவருக்கு அந்த இல்லத்துக் கிழவிகளிடமிருந்து கிடைத்தது.

1812இல், நெப்போலியன் காலத்து யுத்தத்தில், வேறொருவருக்குப் பதிலாகப் பணம் பெற்றுக்கொண்டு தந்தை படையில் சேர்ந்தார். 1814இல் உடல் நலிந்து திரும்பினார். 1816இல் இறந்தார். மகனைத் தையற்காரனாக்கத் தாய் விரும்பினார். அவனோ நாடக அரங்கில் புகழ்பெறப் போவதாகச் சொல்லி, 1819 செப்டெம்பரில், 14 வயதில், 13 றிக்ஸ்டேலர் பணத்துடன் கொப்பன்ஹேகனுக்குத் தனியே புறப்பட்டான்.

தலைநகரில் முதல் மூன்று ஆண்டுகள் தட்டிய கதவுகளெல்லாம் மூடின. பாடக் கற்றான், குரல் உடைந்தது. ஆடக் கற்றான், உடல் வளையவில்லை. நாடகம் எழுதினான், எழுத்துப்பிழை மலிந்திருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டது. அரச நாடக அரங்கின் பணிப்பாளர்களுள் ஒருவரான யோனாஸ் கொலின் மட்டும் இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டு, அரச நிதியில் படிப்பதற்கு வழிசெய்தார். இன்றைய சொல்லில் சொன்னால் அது ஒரு புலமைப்பரிசில். 1822இல் ஸ்லாகல்ஸ் என்னும் ஊரின் பாடசாலையில் 17 வயதுப் பையன், 11, 12 வயதுச் சிறுவர்களோடு ஒரே வாங்கில் உட்கார்ந்தான். அதிபர் சைமன் மைஸ்லிங் அவனை வகுப்பின் முன்னால் ஏளனம் செய்தார், கவிதை எழுதக் கூடாதென்றார். அன்டர்சன் முதியவரான பின்னரும் மைஸ்லிங்கைக் கனவில் கண்டு பயந்திருக்கிறார். ஆசிரியையாகிய நான் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திக்கொள்வதுண்டு. 1828இல் அவர் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்தார். அதன் பின்னர் பயண நூல்கள், நாடகங்கள், கவிதைகள் என்று வரிசையாக வந்தன. அவற்றை இப்போது வாசிப்பவர் குறைவு, நாமும் கடந்து செல்லலாம்.

1835ஆம் ஆண்டு மே மாதத்தில் 61 பக்கமுள்ள மெல்லிய நூலொன்று வெளியாயிற்று. ‘சிறுவருக்குச் சொல்லப்பட்ட கதைகள்’ என்பது தலைப்பு. ‘தீத்தட்டிப் பெட்டி’, ‘பட்டாணியும் இளவரசியும்’ உட்பட நான்கு கதைகள் அதில் இருந்தன. அதே ஆண்டு அவருடைய முதல் நாவலும் வந்து பாராட்டுப் பெற்றிருந்தது. மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஓர்ஸ்டெட் அவருடைய நண்பர். நாவல் உமக்குப் புகழ் தரும், இந்தக் கதைகளோ உம்மைச் சாகாமல் வைத்திருக்கும் என்று அவர் சொன்னாராம். விஞ்ஞானப் பிரிவு மாணவியர் பெருமைப்படலாம். விமர்சகர்கள் காணாததை ஒரு பௌதிகவியலாளர் கண்டார்.

விமர்சகர்களுக்கு இரண்டு குறைகள் தெரிந்தன. கதைகளில் நற்போதனை இல்லை என்பது ஒன்று. பேசுவது போல எழுதப்பட்டிருக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டாவது குறைதான் அன்டர்சனின் சாதனை என்பேன். அக்காலத்து டேனிஷ் உரைநடை நீண்ட வாக்கியங்களால் ஆனது, விறைப்பானது. அவர் ஒரு பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து சொல்லும் குரலை அப்படியே கடதாசியில் இறக்கினார். ‘தீத்தட்டிப் பெட்டி’யின் முதல் வரியிலேயே போர்வீரனின் காலடி ஓசை கேட்கும். வாக்கியம் நடுவில் நின்று மூச்சு வாங்கும், வியக்கும், சிரிக்கும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாள்தோறும் கடக்கும் எம் மாணவியருக்கு, இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அவமானங்களைக் கதையாக்கினார் என்று மேலே சொன்னேன். ஓர் உதாரணம் பாருங்கள். டேனிஷ் மொழியிலும் எமது மொழியைப் போல ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் இரண்டு சொற்கள் உண்டு. தனக்கு உதவிய கொலினின் மகன் எட்வர்டை அன்டர்சன் சகோதரனைப் போல நேசித்தார். நாம் ஒருவரையொருவர் ‘நீ’ என்று அழைத்துக்கொள்வோமா என்று 1831இல் கடிதம் எழுதிக் கேட்டார். எட்வர்ட் பணிவான சொற்களில் மறுத்துவிட்டார். துவைப்பவளின் மகனுக்கும் பெரிய உத்தியோகத்தரின் மகனுக்கும் இடையே அந்தச் சொல் ஒரு மதில் போல நின்றது. 16 ஆண்டுகள் கழித்து, 1847இல், ‘நிழல்’ என்ற கதை வெளிவந்தது. கல்விமான் ஒருவரைவிட்டு அவரது நிழல் பிரிந்து போகிறது. பின்னர் செல்வந்தனாகத் திரும்பி வருகிறது. நாம் சிறுவயது முதல் பழகியவர்கள், ‘நீ’ என்று பேசலாமே என்கிறார் கல்விமான். அதை என்னால் தாங்க முடியாது, வேண்டுமானால் நான் உன்னை ‘நீ’ என்கிறேன் என்கிறது நிழல். கதையின் முடிவில் நிழல் இளவரசியை மணக்கிறது, மனிதர் உயிரிழக்கிறார். எட்வர்ட் கொலின் இக்கதையை வாசித்தபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும் இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

தாயைப் பற்றிய கதைகளே என்னை அதிகம் பாதித்தவை. சிறுமியாக இருந்தபோது ஆன் மரீயை அவருடைய பெற்றோர் பிச்சை எடுக்க அனுப்பினார்கள். பிச்சை கேட்க வாய் வராமல், ஒடென்ஸ் ஆற்றுப் பாலத்தின் கீழே உட்கார்ந்து ஒருநாள் முழுவதும் அழுதாராம். மகன் அதைக் கேட்டு வளர்ந்தவர். 1845 நவம்பரில் அவர் புகழ்பெற்ற எழுத்தாளர். கிராஸ்டன் என்ற மாளிகையில் ஒரு பிரபுவின் விருந்தினர். பஞ்சாங்கம் வெளியிடும் ஒருவர் மூன்று படங்களை அனுப்பி, ஏதேனும் ஒன்றுக்குக் கதை எழுதித் தரும்படி கேட்டார். நெருப்புக்குச்சிகளைக் கையில் ஏந்திய ஏழைப் பிள்ளையின் படத்தை அன்டர்சன் எடுத்துக்கொண்டார். ‘நெருப்புக்குச்சி விற்ற சிறுமி’ அப்படித்தான் பிறந்தது. மாளிகையில் இருந்துகொண்டு, பனியில் வெறுங்காலுடன் நிற்கும் பிள்ளையை எழுதினார். விற்காமல் வீடு திரும்பினால் தந்தை அடிப்பார் என்ற பயத்தில் அவள் மதிலோரம் ஒடுங்குகிறாள். ஒவ்வொரு குச்சியாக உரசிக் குளிர்காய்கிறாள். அடுப்பும் விருந்தும் மெழுகுதிரிகளும் பாட்டியும் அந்த வெளிச்சத்தில் தோன்றுகின்றன. காலையில் அவள் இறந்து கிடக்கிறாள். சில பதிப்புகளில் பணக்காரக் குடும்பமொன்று அவளைத் தத்தெடுப்பதாக முடிவை மாற்றியிருக்கிறார்கள். பிள்ளைகள் அழக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்தத் தெருவால் போன அத்தனை பேரும் அவளைப் பார்க்காமல் போனார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை எழுதப்பட்டது. முடிவை மாற்றினால் அந்த மனிதர்கள் தப்பிவிடுகிறார்கள்.

மற்றொரு கதை எம்மிடையே அவ்வளவாக அறியப்படாதது. ‘அவள் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். குளிர்ந்த ஆற்றில் நின்று உடுப்புத் துவைக்கும் ஒருத்திக்கு அவளுடைய சிறு மகன் மதுப்போத்தல் கொண்டு போகிறான். வழியில் அதைக் காணும் நகர முதல்வர், உன் தாய் ஒன்றுக்கும் உதவாதவள் என்று பிள்ளையிடமே சொல்கிறார். அவர் வீட்டிலோ பெரிய விருந்து நடக்கவிருக்கிறது. அங்கே குடிக்கப்படும் மது யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. துவைப்பவள் ஆற்றங்கரையிலேயே விழுகிறாள், இறக்கிறாள். அம்மா உண்மையிலேயே ஒன்றுக்கும் உதவாதவளா என்று பிள்ளை கேட்கிறான். அவளுடன் பழகிய ஏழைக் கிழவி, இல்லை, அவள் நல்லவள் என்கிறாள்.

இக்கதை எப்படிப் பிறந்தது என்பதை அன்டர்சனே குறித்து வைத்திருக்கிறார். சிறுவயதில், ஆற்றில் நின்ற தாய்க்குப் போத்தல் கொண்டு போன ஒரு பையனைக் கண்டார். ஊரில் ஒரு பெண் அந்தத் தாயைக் கடுமையாக ஏசினாள். அப்போது அன்டர்சனின் தாய் குறுக்கிட்டு, அவ்வளவு கடுமையாகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்றார். அவள் சூடான உணவின்றி நாள் முழுவதும் குளிர்நீரில் நிற்கிறாள், அவள் செய்வது சரியல்ல, ஆனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை என்று பரிந்து பேசினார். மது எமக்கு விலக்கப்பட்டது. ஆன் மரீயும் அதைச் சரி என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பிழையைப் பிழை என்று சொல்லிக்கொண்டே பிழை செய்தவளின் பக்கத்தில் நிற்க அவருக்கு முடிந்திருக்கிறது. இந்தக் குறிப்பில் அன்டர்சன் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அவருடைய தாயும் கடைசிக் காலத்தில் அதே நிலைக்கு ஆளாகி, 1833இல் ஒடென்ஸ் நகரத்து ஏழைகள் விடுதியில் இறந்தார். மகன் அப்போது இத்தாலியில் இருந்தார். தன் வாழ்க்கையை ஓர் அழகிய கதையாக வர்ணித்து அவர் எழுதிய சுயசரிதையில் இதற்கு இடமில்லை. தாய்க்கு முன்னரே பிறந்திருந்த ஓர் அக்காவும் அதில் இல்லை. அவள் என்றாவது தன்னைத் தேடி வந்துவிடுவாளோ என்று அவர் அஞ்சிக்கொண்டிருந்தார். சுயசரிதையில் மறைத்ததைக் கதையில் சொன்ன மனிதர் அவர்.

‘சின்னக் கடற்கன்னி’ 1837இல் வெளியானது. மனிதக் கால்களைப் பெறுவதற்காகக் கடற்கன்னி தன் குரலைக் கொடுத்துவிடுகிறாள், நாக்கு அறுக்கப்படுகிறது. ஒவ்வோர் அடியும் கத்தியில் நடப்பது போல வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் கொன்றால் மீண்டும் கடலுக்குத் திரும்பலாம் என்று சகோதரிகள் கத்தியொன்றைக் கொடுக்கிறார்கள். அவள் அதைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் பாய்கிறாள்; காற்றின் புதல்வியாகிறாள். 1989இல் வந்த டிஸ்னி படத்தில் கல்யாணத்தோடு எல்லாம் சுபமாக முடியும். தரம் 9 வகுப்பில் மூலக் கதையின் முடிவைச் சொன்னபோது ஒரு மாணவி, “டீச்சர், இது சின்னப் பிள்ளைகளுக்கு எழுதின கதையா?” என்று கேட்டாள். மற்றொருத்தி, “குரலைக் குடுத்தது அவட பிழைதானே” என்றாள். அன்று பாடம் நேரத்துக்கு முடியவில்லை. முதல் கேள்விக்கு அன்டர்சனே பதில் வைத்திருந்தார். 1843 முதல் ‘சிறுவருக்குச் சொல்லப்பட்ட’ என்ற சொற்களைத் தலைப்பிலிருந்து நீக்கிவிட்டார். சம்பவங்கள் பிள்ளைகளுக்கு, உள்ளிருப்பது பக்கத்தில் இருந்து கேட்கும் பெரியவர்களுக்கு என்பது அவருடைய எண்ணம். பெற்றோர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன். பிள்ளையிடம் நூலைக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல் கூட இருந்து வாசிக்க வேண்டிய கதைகள் இவை.

‘அரசனின் புதிய ஆடை’யும் அதே ஆண்டுக்குரியது. 14ஆம் நூற்றாண்டு ஸ்பானிய நூலொன்றிலிருந்து எடுத்த கதை. கையெழுத்துப் பிரதியில் அரசனின் ஊர்வலம் தடையின்றிப் போய், எல்லோரும் இல்லாத ஆடையைப் புகழ்வதோடு கதை முடிந்தது. நூல் அச்சுக்குப் போய், திருத்தப் படி வந்த நேரத்தில்தான் அன்டர்சன் அந்தச் சிறு பிள்ளையைச் சேர்த்தார். உலகம் முழுவதும் நினைவில் வைத்திருக்கும் அந்த ஒரு வாக்கியம் கடைசி நேரத்தில் வந்தது!

‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1843இல் வெளியான அக்கதை தன் வாழ்க்கையின் பிரதிபலிப்பு என்று அன்டர்சன் சொன்னார். முட்டையிடத் தெரியுமா என்று கேட்கும் கோழியும், முதுகை வளைத்து உறுமத் தெரியுமா என்று கேட்கும் பூனையும் மைஸ்லிங்கின் வகுப்பறையிலிருந்து வந்தவை போலிருக்கின்றன. ஆனால் போட்டி மேடைகளில் இதற்குச் சொல்லப்படும் பொருள், முயன்றால் எவரும் உயரலாம் என்பது. கதையில் அப்படி எதுவும் இல்லை. குஞ்சு முயலவில்லை, தாங்கிக்கொண்டது. பிறப்பிலேயே அது அன்னம். அப்படியானால் உண்மையிலேயே அழகில்லாத வாத்துக்குஞ்சொன்று அந்த முற்றத்தில் பிறந்திருந்தால்? அதைக் கொத்துவது சரியாகிவிடுமா? அன்டர்சன் இங்கே அந்தக் கேள்விக்குப் போகவில்லை. துவைப்பவளின் கதையில்தான் போனார். அதனால் போட்டிக்குக் கதை தேடி வரும் மாணவியரிடம் நான் துவைப்பவளின் கதையைக் கொடுத்துப் பார்க்கிறேன். அனேகமாக அவர்கள் வாத்துக்குஞ்சையே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அவர் பெரும் பயணி. 1841இல் ஏப்ரல் இறுதியும் மே தொடக்கமும் இஸ்தான்புல்லில் கழிந்தன. அங்கே தர்வேஷ்களின் சுழல் நடனத்தைக் கண்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்த தினக் கொண்டாட்டத்தையும், இளம் சுல்தான் அப்துல் மஜீத் பள்ளிவாசலுக்குச் செல்லும் ஊர்வலத்தையும் பார்த்து, ‘ஒரு கவிஞனின் பஸார்’ என்ற நூலில் விரிவாக எழுதினார். அப்பயணத்துக்கு முன்னரே, 1839இல், துருக்கிக்குப் பறந்து போய் சுல்தானின் மகளுக்குக் கதை சொல்லும் ஒருவனைப் பற்றி ‘பறக்கும் பெட்டி’ என்ற கதையை எழுதியிருந்தார். தந்தை வாசித்துக் காட்டிய நூலின் உலகத்தைக் கண்ணால் கண்டது அந்த 1841இல்தான்.

பழகுவதற்கு இலகுவானவர் அல்லர். புகழ்ச்சியை விரும்பினார், சிறு கண்டனத்துக்கும் கண்ணீர் விட்டார். தீப்பிடித்தால் யன்னல் வழியே இறங்குவதற்காகப் பயணங்களில் கயிறு கொண்டு போனார். 1857இல் சார்ள்ஸ் டிக்கன்ஸின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் ஐந்து வாரங்கள் தங்கியதில் அந்த நட்பே முறிந்துபோயிற்று. ஏன் என்று அன்டர்சனுக்குக் கடைசிவரை புரியவில்லை. 1867 டிசெம்பரில் ஒடென்ஸ் நகரம் அவரைக் கௌரவப் பிரஜையாக்கி, வீதிகளெங்கும் விளக்கேற்றியது. அந்த இரவில் அவருக்குத் தாங்க முடியாத பல்வலி.

1875 ஆகஸ்ட் 4ஆம் திகதி கொப்பன்ஹேகனுக்கு வெளியே, மெல்கியோர் என்ற வணிகக் குடும்பத்தினரின் இல்லத்தில் அவர் காலமானார். 150க்கும் மேற்பட்ட கதைகளை விட்டுச் சென்றார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, அவருக்குச் சிலை வைப்பதற்காகச் சிற்பி ஒருவர் வரைபடம் கொண்டு வந்தார். பிள்ளைகள் சூழ்ந்து நெருங்கியிருக்க, நடுவே அன்டர்சன் கதை வாசிப்பது போன்ற உருவம். அவருக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் மேலே சாய்ந்துகொண்டிருக்க நான் ஒருபோதும் வாசித்ததில்லை, என் கதைகள் பெரியவர்களுக்கும் உரியவை என்று சொல்லிவிட்டார். கொப்பன்ஹேகனின் அரச பூங்காவில் இன்று நிற்கும் சிலையில் பிள்ளைகள் இல்லை. கையில் ஒரு நூலுடன் அவர் தனியே அமர்ந்திருக்கிறார்.